தஞ்சாவூர் மாத்திரை

பாம்புக்கடிக்கு மருந்து சொல்லத் தெரியாத மனிதரை நம் நாட்டில் காண்பது அரிது. மலையடிவாரத்துக்கோ அருவிக்கரைக்கோ நாலைந்து குடும்பமாகச் சேர்ந்து போய், புளியோதரைப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது ஏதாவது ஒரு குழந்தை, "இங்கே பாம்பு இருக்குமா, மாமா?" என்று கேட்டு வைக்கட்டும். அவ்வளவுதான்! ஒருவர் வேப்பிலை என்பார். இன்னொருவர் கடிவாயில் கோழிக்குஞ்சை வைக்கவேண்டும் என்பார். மூன்றாமவர் பாம்புக் கல்லைப் பற்றி ஆரம்பிப்பார். தந்தி மூலமாகவே விஷத்தை இறக்கிய மகான்களைப் பற்றிச் சொல்ல ஒருவர் காத்துக்கொண்டிருப்பார். அதற்குள் புளியோதரை தீர்ந்துவிடும்.

இத்தனை மருந்துகளும் எப்படிப் பெயரெடுத்தன என்று கேட்கலாம். நம்மைச் சுற்றியுள்ள பாம்புகளில் பெரும்பாலானவை விஷமற்றவை. விஷப் பாம்புங்கூடச் சில சமயம் விஷத்தை இறக்காமல் பல்லை மட்டும் பதித்துவிட்டுப் போய்விடுகிறது. அப்படிக் கடிபட்டவன் வேப்பிலை தின்றாலும் பிழைப்பான், வெறும் இலையைத் தின்றாலும் பிழைப்பான். புகழ் என்னவோ வேப்பிலைக்கு!

இந்த மருந்துகளுக்கெல்லாம் ஒரு காலத்தில் ராஜாவாக விளங்கியது தஞ்சாவூர் மாத்திரை. வெள்ளைப் பாஷாணம், பாதரசம், நேர்வாளம், மிளகு முதலியவை சேர்ந்தது அது. பாம்பு விட்டுவைத்த உயிரையும் மாத்திரை விட்டுவைக்குமா என்று சந்தேகம் தோன்றும். ஆனால் பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் கும்பினியாரின் வெள்ளைக்கார டாக்டர்களே அதை மிகவும் மதித்தார்கள்.

அந்த மாத்திரையைச் சோதித்துப் பார்க்கவேண்டும் என்று நினைத்த மனிதர் பாட்ரிக் ரஸ்ஸல். ஸ்காட்லாந்துக்காரர், 1727-ல் பிறந்தவர். அலெப்போ நகரில் பல ஆண்டுகள் வைத்தியம் பார்த்துவிட்டு, விசாகப்பட்டினத்தில் கும்பினி உத்தியோகத்தில் இருந்த தம்பியோடு 1780-களில் இந்தியாவுக்கு வந்து சேர்ந்தார். 1785-ல் கும்பினியார் அவரைச் சென்னை ராஜதானியின் இயற்கை நூல் அறிஞராக நியமித்தார்கள். நாய்களுக்கும் கோழிகளுக்கும் பாம்புக்கடி கொடுத்து, பலவகை மருந்துகளைப் புகட்டிப் பார்த்தார் ரஸ்ஸல். படிக்கச் சங்கடமான காரியந்தான். முடிவு என்னவென்றால், தஞ்சாவூர் மாத்திரை பலிக்கவில்லை.

ஆனால் ரஸ்ஸலின் மனத்தை அதிகமாக வாட்டியது மருந்து அல்ல. வயலில் இறங்குகிற குடியானவனும், வழிநடக்கிற சிப்பாயும், பாம்பைக் கண்ட மாத்திரத்தில் "இது விஷமுள்ளது, இது இல்லாதது" என்று சொல்லிவிடும்படி ஓர் எளிய வெளி அடையாளம் கண்டுபிடிக்கவேண்டும். அதுதான் அவருடைய ஆசை. நிறத்தைப் பார்த்தார், தலையின் வடிவத்தைப் பார்த்தார், வயிற்றுச் செதில்களையும் வால் செதில்களையும் எண்ணிப் பார்த்தார். ஒன்றும் உதவவில்லை. வாயைத் திறந்து நச்சுப்பல் இருக்கிறதா என்று பார்ப்பது ஒன்றுதான் தப்பாத அடையாளம். எதிரே வரும் பாம்பை நிறுத்தி, "கொஞ்சம் வாயைத் திற" என்று எந்தக் குடியானவன் கேட்பான்?

ஆயினும் ஊரார் வழங்கிய தெலுங்குப் பெயர்களோடு சோழ மண்டலக் கரைப் பாம்புகளைப் பற்றி அவர் எழுதிய பெரிய நூல் 1796-ல் லண்டனில் வெளிவந்தது. அடுத்த ஆண்டே, அதில் கண்ட ஒரு பாம்புக்கு விஞ்ஞானிகள் அவர் பெயரைச் சூட்டினார்கள். அதுதான் நம்முடைய கண்ணாடி விரியன். பாம்பிடமிருந்து ஜனங்களைக் காப்பாற்ற நினைத்தவருக்கு இப்படி ஒரு மரியாதை!

பிறகு கல்கத்தாவில் ஜோசப் பெய்ரர் என்ற டாக்டர் வந்தார். கலைப்பள்ளி மாணவர்கள் தீட்டிய வர்ணப் படங்களோடு 1872-ல் வெளியான அவருடைய புத்தகம் பார்க்க மிக அழகானது. அவரும் மருந்துகளைச் சோதித்துக் கைவிட்டார். இறுகக் கட்டு, கீறு, சுடு என்பதுதான் அவருக்குக் கிடைத்த வழி. சர்க்கார் பாம்பின் தலைக்கு விலைவைத்தது. பாம்பும் குறையவில்லை, சாவும் குறையவில்லை.

உண்மையான மருந்துக்கு வழி பிறந்தது சைகோனில். 1891-ல் வெள்ளத்துக்குத் தப்பிய நாகங்கள் ஒரு கிராமத்தில் புகுந்து நாற்பது பேரைக் கடித்தன. அங்கிருந்த ஆல்பர்ட் கால்மெட் என்ற பிரெஞ்சு டாக்டர் இந்த விஷயத்தில் இறங்கினார். கொஞ்சம் கொஞ்சமாக விஷத்தைப் பழக்கிய மிருகத்தின் ரத்தத்தில் விஷத்தை முறிக்கும் சக்தி உண்டாகிறது என்று கண்டார். 1895-க்குள் குதிரையின் சீரம் மருந்தாகிவிட்டது. உலகமே மகிழ்ந்தது. ஆனால் பம்பாயில் ஜார்ஜ் லாம்ப் என்பவர் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். நாகத்தின் விஷத்துக்குத் தயாரித்த சீரம் கண்ணாடி விரியனின் விஷத்தை முறிக்கவில்லை!

ஆக, கடித்தது எந்தப் பாம்பு என்ற ரஸ்ஸலின் பழைய கேள்வி மறுபடியும் வந்து நின்றது. அதற்கு விடை கண்டுபிடிக்காமலே சமாளித்தார்கள் என்பதுதான் வேடிக்கை. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நாலின் விஷத்துக்கும் சேர்த்து ஒரே மருந்து செய்துவிட்டார்கள்.

மருந்துக்கு விஷம் வேண்டும். விஷத்துக்குப் பாம்பு வேண்டும். செங்கற்பட்டுச் சீமையின் இருளர்கள், வரப்பில் கிடக்கும் தடத்தைப் பார்த்தே வளைக்குள் இருப்பது இன்ன பாம்பு என்று சொல்லக்கூடியவர்கள். ரஸ்ஸல் செதில் எண்ணித் தேடிய வித்தை அவர்களுக்குப் பிள்ளைப் பருவத்திலேயே வந்துவிடுகிறது. அப்படிப்பட்டவர்கள் வெகுகாலம் பாம்புத் தோல் வியாபாரிகளுக்கு உழைத்து வறுமையில் கிடந்தார்கள். 1972-ல் வனவிலங்குச் சட்டமும், 1976-ல் தோல் ஏற்றுமதித் தடையும் வந்தபோது அந்தப் பிழைப்பும் போயிற்று. ரோமுலஸ் விட்டேக்கர் துணைநிற்க, 1978-ல் இருளர்கள் கூட்டுறவுச் சங்கம் ஒன்று அமைத்தார்கள். மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில், பிடித்த பாம்புகளை மண்பானையில் வைத்து, சில வாரங்கள் விஷம் எடுத்து, மறுபடி வெளியே விட்டுவிடுகிறார்கள். நாட்டின் மருந்துக்குப் பெரும்பகுதி விஷம் அங்கிருந்து போயிருக்கிறது. அவர்களில் மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இருவர் 2017-ல் மலைப்பாம்பு பிடிக்க அமெரிக்காவிலுள்ள ப்ளோரிடாவுக்கே போனார்கள். 2023-ல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும், 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். உல்லாசப் பிரயாணம் போனவர்கள் இதில் சொற்பம். பெரும்பாலோர் கிராமத்து ஜனங்கள். மழைக்காலத்தில் வயலிலும் வீட்டிலும் கடிபட்டவர்கள். கட்டுவிரியன் இரவில் தரையில் படுத்திருப்பவனைக் கடிக்கும். வலியே தெரியாது. விடியும்போது வயிறு வலிக்கும். கண் இமை சரியும். கொசுவலையைப் பாய்க்கு அடியில் செருகிப் படுத்தால் அந்தப் பாம்பு உள்ளே வராது.

காட்டுப் பக்கம் போகிறவர்களுக்கும் பெரிய சாஸ்திரம் ஒன்றுமில்லை. கணுக்காலை மூடும் செருப்பு, இருட்டினால் டார்ச் விளக்கு. கண் பார்க்காத இடத்தில், அதாவது கல் இடுக்கிலும் விறகுக் குவியலிலும், கையை விடவேண்டாம். பாம்பைக் கண்டால் நின்று, பின்வாங்கி, வழிவிட்டால் போதும். கடித்துவிட்டால் பெய்ரர் சொன்னபடி கட்டவும் கீறவும் வேண்டாம். மோதிரம், வளையலைக் கழற்றிவிட்டு, எலும்பு முறிந்த காலைப்போல் சிம்பு வைத்து அசையாமல் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். பாம்பைத் தேடி அடித்துக் கொண்டுபோகவேண்டிய அவசியமில்லை. அங்கே டாக்டர் கொஞ்சம் ரத்தத்தைச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் எடுத்து, இருபது நிமிஷம் அசைக்காமல் வைத்திருப்பார். பிறகு குழாயை மெல்லச் சாய்ப்பார். ரத்தம் உறையாமல் தண்ணீராக ஓடினால், கடித்தது விரியன் என்று அந்த ரத்தமே சொல்லிவிடும்.