உத்தரமேரூரும் திருப்புகழ் இசையும்

உத்தரமேரூர் என்றவளவில் கற்றோர் நினைவில் எழுவது குடவோலைக் கல்வெட்டேயாம். முதற் பராந்தக சோழன் ஆட்சியில் கி. பி. 919, 921ஆம் ஆண்டுகளில் ஆங்குப் பொறிக்கப்பெற்ற சபை விதிகளைக் காண அயல் நாட்டாரும் வருகின்றனர். அவ்வூர்க்குப் பிறிதொரு பெருமையும் உண்டு. அதனை வினவுவார் அரியர். பதினைந்தாம் நூற்றாண்டினரான அருணகிரிநாதர் அத்தலத்து முருகப்பெருமான்மீது பாடிய திருப்புகழ்கள் இன்றும் கிடைக்கின்றன. கிடைப்பன சொற்களே, அவர் பாடிய இசை கிடைத்திலது.

சொற்கள் கிடைத்ததும் ஒருவர் உழைப்பினாலேயாம். வடக்குப்பட்டு த. சுப்பிரமணிய பிள்ளையவர்கள் 1871ஆம் ஆண்டில் மஞ்சக்குப்பம் நீதிமன்றத்தில் தில்லைத் தீட்சிதர் வாயிலாகத் திருப்புகழ்ப் பாடலொன்றைக் கேட்டு உள்ளம் உருகினார் என்ப. பின்னர் ஊர்தொறும் ஏடு தேடித் தொகுத்து, 1894, 1901ஆம் ஆண்டுகளில் இரு பகுதிகளாக அச்சிட்டார். அவ்வுழைப்பு இன்றேல் யாம் இதனை எழுத நேர்ந்திராது.

இனி, அவற்றைப் பாடுமாறு எங்ஙனம்? தேவாரத்திற்குப் பண் வகுப்பும் ஓதுவார் மரபும் உள. திருப்புகழுக்கு எஞ்சிய வழிகாட்டி சந்தம் ஒன்றே. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. ஆகவே 'தன' என்பது இரண்டும் 'தான' என்பது மூன்றுமாம். இவ்வாறு எண்ணிச் செல்லப் பாட்டின் தாளம் பாட்டிலிருந்தே புலனாகும். குறிலை நீட்டியும் நெடிலைக் குறுக்கியும் பழகிய ஆதி தாளத்துள் அடைப்பாருளர். அது பாட்டைக் கொல்வதேயன்றிப் புதுக்குவதன்று.

இதனைச் செவ்வனே உணர்ந்து கச்சேரி மேடையில் காட்டியவர் அவ்வூர்க்கு அணித்தாய காஞ்சிபுரத்து நாயனாப் பிள்ளையவர்கள் (1889–1934). லய வன்மையிற் பெயர்பெற்ற அவர், மிருதங்கம், கஞ்சிரா முதலிய பல பக்கவாத்தியங்கள் சூழத் திருப்புகழைப் பாடினார். அக்காலத்துச் சபைகளில் தெலுங்குக் கீர்த்தனங்களே மிக்கிருந்தன என்பதை நினைப்பார்க்கு இதன் அருமை விளங்கும்.

இராகம் பிற்காலத்தார் அமைத்ததாகலின் இது பழைய இசை ஆகாதெனச் சிலர் கூறுப. அவர் கூற்று முழுதும் பொய்யன்று. அருணகிரிநாதர் பாடிய இராகம் இதுவேயென எவரும் சாதித்தலாகாது. ஆயினும் சந்தம் அவருடையதே. அது சிதையாதவாறு பாடுவோன் அவர் இட்ட எலும்பின்மேல் தசை வைக்கின்றான், அவ்வளவே.

இப்பாடல்களுக்கு உரிமை கொண்டாடுவார் எவருமிலர் என்பதும் ஒரு பேறு. இந்நாட்டுச் சட்டம் ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு கழிந்த நூலைப் பொதுவாக்குகின்றது. எனினும் இக்காலத்தார் புதிதாக அமைத்த மெட்டிற்கும், அண்மையில் வெளியிட்ட ஒலிப்பதிவிற்கும் உரியவர் உளர். அவற்றை இரவாது எடுத்தாளல் முறையன்று. பாட்டும் சந்தமும் அனைவர்க்கும் பொது. உத்தரமேரூர்ச் சிறுவர் தம்மூர்த் திருப்புகழைத் தம்மூர்ச் சந்நிதியிற் கிருத்திகைதோறும் பாடத் தொடங்குதற்கு எவரிடத்தும் இசைவு பெறவேண்டுவதில்லை. தாளம் அறிந்த ஆசிரியர் ஒருவரே வேண்டும்.