வெட்டிய பின் பிறக்கும் வாசம்: தர்பூசணி மணத்தின் வேதியியல் வரலாறு

மதுராந்தகம், அச்சிறுபாக்கம், செய்யூர் வட்டாரங்களில் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் தர்பூசணி விதைப்பார்கள். மாசிக் கடைசியிலிருந்து ஜி.எஸ்.டி. சாலையோரத்திலும் மாமல்லபுரம் வழியே போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் பழங்கள் குவியும். முழுப் பழத்தை முகர்ந்து பாருங்கள்: மண் வாசம்தான் வரும். கத்தி இறங்கிய சில நொடிகளில்தான் வெள்ளரியை நினைவூட்டும் அந்தக் குளிர்ந்த பச்சை மணம் எழுகிறது. மாம்பழமும் பலாவும் முழுசாக இருக்கும்போதே வீட்டை நிறைக்கின்றன. தர்பூசணி ஏன் வெட்டுக்காகக் காத்திருக்கிறது?

விடை முதலில் வெள்ளரியில்தான் கிடைத்தது. இலைகளின் பச்சை வாசத்தை ஆராய்ந்துவந்த ஜப்பானிய வேதியியலாளர்கள் தாக்கேயும் ஓனோவும் 1939இல் வெள்ளரி மணத்துக்குக் காரணமான சேர்மங்களைப் பிரித்தெடுத்தனர். அவற்றுள் முதன்மையானது ஒன்பது கார்பன் அணுக்கள் கொண்ட ஆல்டிஹைடான நோனாடையீனால். ஒரு லிட்டர் நீரில் ஒரு மைக்ரோகிராமின் நூறில் ஒரு பங்கு கலந்திருந்தாலே மனித மூக்கு இதைக் கண்டுகொள்ளும். 1962இல் ஃபோர்ஸ் என்ற ஆய்வாளரின் குழுவினர் இதை உறுதிசெய்து, துணையாக நோனீனால் இருப்பதையும் காட்டினர்.

இதுவரை கேட்கப்பட்டது 'என்ன இருக்கிறது' என்ற கேள்வி மட்டுமே. 'எப்போது உண்டாகிறது' என்று கேட்டதுதான் திருப்புமுனை. 1968இல் ஃபிளெமிங் குழுவினர் ஊறுகாய்க்கான வெள்ளரியை ஆராய்ந்தபோது, ஆக்சிஜன் இல்லாத சூழலில் அரைத்த வெள்ளரியில் இந்த ஆல்டிஹைடுகள் உருவாகவில்லை. காற்று பட வெட்டினால் உருவாயின. அதாவது, முழு வெள்ளரிக்குள் இந்த மணம் சேமித்து வைக்கப்படவே இல்லை. இந்த வரலாற்றில் ஆக அழகான சோதனை இதுவே என்பது என் கருத்து; மணத்தை ஒரு பொருளாகப் பார்த்த பார்வை போய், ஒரு நிகழ்வாகப் பார்க்கும் பார்வை இங்கேதான் தொடங்கியது.

மூலப்பொருள் எது என்பதை 1971இல் ஜெர்மனியின் குரோஷும் ஷ்வார்ட்ஸும் கதிரியக்கக் குறியிட்ட கொழுப்பு அமிலங்களைக் கொண்டு கண்டறிந்தனர். லினோலிக் அமிலம் நோனீனாலையும், லினோலெனிக் அமிலம் நோனாடையீனாலையும் தருகின்றன. செல் சிதைந்ததும் சவ்வுக் கொழுப்பிலிருந்து இந்த அமிலங்கள் விடுபடுகின்றன. பதினெட்டுக் கார்பன் நீளமுள்ள அமிலத்தின் ஒன்பதாம் கார்பனில் லிப்பாக்சிஜனேஸ் நொதி ஆக்சிஜனைச் சேர்க்கிறது. அடுத்து வரும் லையேஸ் நொதி அதே இடத்தில் சங்கிலியைத் துண்டிக்கிறது. அந்த ஒன்பது கார்பன் துண்டுதான் நம் மூக்கை எட்டுகிறது. 1970களில் கெம்ப் என்ற ஆய்வாளர் முலாம்பழத்திலும் தர்பூசணியிலும் இதே ஒன்பது கார்பன் குடும்பத்தைக் கண்டார். தர்பூசணியில் ஆல்டிஹைடுகளோடு ஆல்கஹால் வடிவமும் சேர்கிறது.

இந்த நொதியின் கதை பழங்களோடு நிற்கவில்லை. கோவளத்திலும் சதுரங்கப்பட்டினத்திலும் கரையேறிய மீனை அப்போதே முகர்ந்தவர்களுக்கு அதில் கவுச்சி இருக்காது என்பது தெரியும். 1980களில் அமெரிக்காவில் ஜோசப்சனும் லிண்ட்சேயும் இதற்கும் விளக்கம் தந்தார்கள். புதிய மீனின் இதமான பச்சை வாசமும் லிப்பாக்சிஜனேஸின் வேலைதான். கடல் மீனில் எட்டுக் கார்பன் சேர்மங்கள் முன்னிற்கின்றன. நன்னீர் மீன்கள் பலவற்றில் வெள்ளரியின் ஒன்பது கார்பன் சேர்மங்களும் சேர்கின்றன. கவுச்சி வாடை பின்னால், பாக்டீரியாக்கள் டிரைமெத்திலமைனை உண்டாக்கும்போது வருவது.

2005இல் இஸ்ரேலின் லெவின்சோன் குழுவினர் இன்னொரு கதவைத் திறந்தனர். தர்பூசணியின் சிவப்புக்குக் காரணமான லைக்கோபீன் சிதைந்து, எலுமிச்சைச் சாயலுள்ள மணச் சேர்மங்களைத் தருகிறது; பீட்டா கரோட்டின் மிகுந்த ஆரஞ்சு நிறச் சதையில் பீட்டா அயனோன் என்ற மணச் சேர்மம் உண்டாகிறது. நிறம் மாறினால் மணமும் மாறும்.

2025 கோடையில் தர்பூசணிக்குள் சாயம் ஊசி மூலம் ஏற்றப்படுகிறது என்ற அச்சம் தமிழகத்தில் பரவியபோது விலை சரிந்து விவசாயிகள் தவித்தார்கள். கையில் ஒட்டிய சிவப்பைப் பார்த்தே பலர் மிரண்டனர். அந்தச் சிவப்பு பழம் தானே ஆக்கிய லைக்கோபீன் என்பதும், அது மணத்துக்கும் தாய்ப்பொருள் என்பதும் இருபது ஆண்டுகளுக்கு முன்பே ஆய்விதழ்களில் அச்சேறியவை. செய்யூர்ச் சந்தைக்கு அவை தமிழில் வந்து சேர்ந்திருக்க வேண்டும். இனி ரகம் தேர்வு செய்யும்போதும் எடை, இனிப்பு, லாரிப் பயணம் தாங்கும் தோல் ஆகியவற்றோடு வெட்டியதும் எழும் மணத்தையும் அளந்து பார்க்க வேண்டும். அதற்கான கருவியும் வேதியியலும் கையில் இருக்கின்றன.