பெட்டி மட்டும் போகாது

மலர்க் குழுவிலிருந்து போன் வந்தபோது, "கல்லூரி நினைவுகள் எழுதித் தருகிறேன்" என்றுதான் சொன்னேன். "அதை எல்லாரும் எழுதிட்டாங்கப்பா, மெஸ் சாம்பாரைப் பற்றி மட்டும் ஏழு கட்டுரை வந்திருக்கு. நீ ஏர்போர்ட்டில்தானே இருக்கே, அதைப் பற்றி உருப்படியா ஏதாவது எழுது" என்றார் சீனியர் அண்ணன். ஹாஸ்டலில் அண்ணன் பேச்சை மறுத்துப் பழக்கமில்லை. இப்போதும் வரவில்லை.

நான் பார்ப்பது வளைகுடா விமான நிலையம் ஒன்றில் கன்வேயர் பராமரிப்பு. கவுண்டரில் நீங்கள் கொடுக்கும் பெட்டி ரப்பர் திரைக்குப் பின்னால் மறைந்ததும் எங்கள் ராஜ்ஜியம் ஆரம்பம். மேலே பளிங்குத் தரையும் சென்ட் வாசனையும். கீழே மோட்டார், பெல்ட், கிரீஸ். மெக்கானிக்கல் லேபில் கற்றது வீண்போகவில்லை என்று பேராசிரியர்களுக்கு இதன் மூலம் தெரிவித்துக்கொள்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஓர் இரவு. திருச்சி விமானம் புறப்படத் தயார். ஒரு பயணியைக் காணோம். மூன்று முறை பெயர் சொல்லி அழைத்தார்கள். ஆள் இல்லை. உடனே அவருடைய பெட்டியை விமானத்தின் வயிற்றிலிருந்து இறக்க உத்தரவு. அது சிறிய விமானம். பெட்டிகளைக் கையால்தான் அடுக்குவார்கள், கையால்தான் தேட வேண்டும். பாதிச் சரக்கை வெளியே எடுத்த பிறகு, கயிறு கட்டிய நீலப் பெட்டி ஒன்று கிடைத்தது. விமானம் நாற்பது நிமிடம் தாமதமாகப் போனது. உள்ளே இருந்தவர்கள் அந்த மனிதரை என்னவெல்லாம் திட்டியிருப்பார்களோ!

ஆள் பிறகு கிடைத்தார். வேறொரு வாசல் அருகே நாற்காலியில் தூங்கிப் போயிருக்கிறார். அரியலூர்ப் பக்கத்துக்காரர், கட்டிட வேலை. அப்பா இறந்த சேதி கேட்டு இரண்டு ராத்திரி தூங்காமல் டிக்கெட்டுக்கு அலைந்தவர். தமிழ் தெரிந்தவன் என்பதால் என்னைக் கூப்பிட்டார்கள். அவர் அழவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "என்னைத்தான் விட்டுட்டுப் போயிட்டீங்க, பெட்டியையாவது கொண்டு போயிருக்கலாமேண்ணே? அதுல அப்பாவுக்குப் போத்தற வேட்டி இருக்கு. தம்பி வந்து எடுத்திருப்பான்ல."

"ரூல் அப்படிங்க" என்றேன். அந்தப் பதில் எனக்கே உறைத்தது. அந்த ரூல் எங்கிருந்து வந்தது என்று பிறகுதான் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க, அதன் ஆரம்பப் பக்கங்களில் ஒன்று நம் சென்னையிலேயே எழுதப்பட்டது என்று தெரிந்தது.

1984 ஆகஸ்ட் 2. மீனம்பாக்கத்திலிருந்து கொழும்பு போகும் ஏர் லங்கா விமானத்துக்கு ஒருவர் டிக்கெட் எடுத்து, இரண்டு சூட்கேஸ்களைக் கொடுத்துவிட்டு, விமானம் ஏறாமல் போய்விட்டார். பெட்டிகளில் வெடிகுண்டு. அவை கொழும்பில் இறங்கி, லண்டனுக்கும் பாரிசுக்கும் போகும் விமானங்களுக்கு மாற வேண்டும், கட்டுநாயக்க விமான நிலையத்தில் வெடிக்க வேண்டும் என்பது வைத்தவர்களின் கணக்கு. தமிழீழ இராணுவம் என்ற சிறிய இயக்கத்தின் வேலை இது. பலர் நினைப்பது போல விடுதலைப் புலிகள் அல்ல.

கணக்கு தப்பியது. ஆள் ஏறாததால் பெட்டிகளும் ஏறவில்லை. விமானம் பத்திரமாகப் போனது. பெட்டிகள் கட்டிடத்துக்குள், சுங்கப் பகுதியில் வந்து கிடந்தன. உள்ளே கடிகாரம் மட்டும் நிற்கவில்லை. போனில் எச்சரிக்கையும் வந்தது. ஆனால் பெட்டிகளை வெளியே அப்புறப்படுத்துவதற்குள், இரவு 11 மணிக்குச் சற்று முன், வெடித்துவிட்டன. 30-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பலர் இலங்கைப் பயணிகள்.

இதை ஓர் என்ஜினீயராகப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. அன்று விதியின் முதல் பாதி வேலை செய்தது: சொந்தக்காரர் இல்லாத பெட்டி விமானத்தில் போகக் கூடாது. இரண்டாம் பாதிதான் இல்லை: அப்படி மிஞ்சிய பெட்டியை ஆட்கள் நடுவில் வைக்கக் கூடாது. விமானம் பிழைத்தது, கட்டிடம் போனது. இன்றைக்கு அநாதையாக ஒரு பை கிடந்தால் நாய் வருகிறது, கயிறு கட்டி ஆட்களை விலக்குகிறார்கள், வெடிகுண்டு நிபுணர் வந்த பிறகே கை வைக்கிறார்கள். "ஒரு துணிப்பைக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா" என்று அலுத்துக்கொள்பவர்களிடம் நான் மீனம்பாக்கத்தைத்தான் சொல்கிறேன்.

அடுத்த வருடம் முதல் பாதியும் தவறியது, வேறு கண்டத்தில். 1985 ஜூன் 22 அன்று கனடாவின் வான்கூவரில் எம். சிங் என்ற பெயரில் ஒருவர் கவுண்டருக்கு வந்தார். டொரோண்டோ வரைதான் அவருக்கு இடம் உறுதி. அதற்குமேல் ஏர் இந்தியாவில் காத்திருப்போர் பட்டியல். அப்படியிருந்தால் பெட்டியை டெல்லி வரை போடக் கூடாது. அவர் வற்புறுத்தினார். பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. கவுண்டர் ஊழியர் விட்டுக்கொடுத்துவிட்டார். பெட்டி போனது, ஆள் போகவில்லை. டொரோண்டோவில் எக்ஸ்ரே இயந்திரம் பாதியில் பழுதானதால், கையடக்கக் கருவி ஒன்றால் மீதிப் பெட்டிகளை முகர்ந்து பார்த்து அனுப்பினார்கள். மறுநாள் அயர்லாந்துக்கு அருகே அட்லாண்டிக் கடலுக்கு மேலே கனிஷ்கா வெடித்தது. 329 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. ஒரு மணி நேரத்துக்கும் குறைவான இடைவெளியில், ஜப்பானின் நரிட்டாவில் இன்னொரு பெட்டி வெடித்து, பெட்டி ஏற்றும் தொழிலாளர் இருவர் இறந்தார்கள். அதுவும் வான்கூவரிலிருந்து ஆளில்லாமல் வந்த பெட்டிதான். என் வேலையைச் செய்தவர்கள் என்பதால் அந்த இருவரை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. பழுதான எக்ஸ்ரே இயந்திரத்தைப் பற்றிப் படித்த நாளிலிருந்து, எங்கள் பிரிவில் "நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்ற வார்த்தையை நான் சொல்வதில்லை.

இதற்குப் பிறகுதான் உலகம் விழித்தது. ஐ.நா.வின் கீழ் இயங்கும் ஐகாவோ அமைப்பு, 1974-ல் ஏற்படுத்திய தன் பாதுகாப்பு விதித் தொகுப்பில், பயணியையும் பெட்டியையும் பொருத்திப் பார்க்கும் விதியைச் சேர்த்தது. இந்தியாவில் 1978-ல் ஒரு சிறு பிரிவாக ஆரம்பித்த சிவில் விமானப் பாதுகாப்புப் பிரிவு, 1987 ஏப்ரல் 1 முதல் தனித் துறையானது. அந்தக் காலத்தில் விமானம் ஏறிய நம் சித்தப்பா, மாமாக்களைக் கேட்டால் சொல்வார்கள்: விமானத்துக்குப் பக்கத்தில் பெட்டிகளை வரிசையாக வைத்திருப்பார்கள். நாம் போய் "இது என்னுது" என்று கை காட்டினால்தான் விமானத்தில் ஏற்றுவார்கள். கை காட்டாத பெட்டி அங்கேயே நிற்கும். இப்போது அந்தக் கை காட்டும் வேலையைப் பெட்டியில் ஒட்டும் சீட்டின் பத்து இலக்க எண் செய்கிறது. ஸ்கேனர் அந்த எண்ணைப் படித்து, ஆள் கணக்கோடு ஒப்பிட்டு, "ஏற்று" என்றால்தான் ஏற்றுகிறோம்.

"அப்படின்னா தொலைஞ்ச பெட்டி மட்டும் ரெண்டு நாள் கழிச்சுத் தனியா வருதே?" என்று ஜூனியர் ஒருவன் கேட்டான். நல்ல கேள்வி. பெட்டியைப் பிரிந்தது பயணியின் விருப்பமில்லை, அது எங்கள் தவறு. அதிலும் மறுபடி சோதித்த பிறகுதான் அனுப்புவோம்.

விதி எழுதியதும் எல்லாரும் கடைப்பிடித்துவிடவில்லை. 1988 டிசம்பர் 21 அன்று ஸ்காட்லாந்தின் லாக்கர்பி ஊருக்கு மேலே பான் ஆம் விமானம் வெடித்தது. விமானத்தில் 259 பேர், தரையில் 11 பேர். மறுபடியும் ஆளில்லாப் பெட்டி. குண்டு இருந்தது ஒரு ரேடியோ கேசட் பிளேயருக்குள். நம் ஊரில் துபாய்க்காரர் வீடு என்பதற்கு அடையாளமே திண்ணையில் பாடும் டூ-இன்-ஒன்தானே! அதன் மீதே உலகத்துக்குச் சந்தேகம் வந்தது. கைப்பையில் இருந்த ரேடியோவின் பேட்டரி செல்லைக் கழற்றச் சொன்னார்கள் என்று என் மாமா இன்னும் குறைப்பட்டுக்கொள்வார். இன்று கதை தலைகீழ். பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும், அனுப்பும் பெட்டியில் வைக்கக் கூடாது. லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால், ஆள் இருக்கும் இடத்தில் அணைக்கலாம். கீழே சரக்கறையில் யார் அணைப்பது? மாமாவுக்கு இதைப் புரியவைக்க எனக்கு ஒரு பொங்கல் விடுமுறை ஆயிற்று.

நம் மாவட்டத்துக்கும் குண்டு புதிதல்ல. 1987 மார்ச் 15 அன்று அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலத்தில் வெடி வைத்ததில் மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது. பெரியவர்கள் இதை 1956 வெள்ளத்தில் நடந்த விபத்தோடு சேர்த்துக் குழப்புவார்கள். அது மழை செய்தது, இது மனிதர் செய்தது.

கவுண்டரில் கேட்கும் இன்னொரு கேள்விக்கும் ஒரு தேதி உண்டு. "பெட்டியை நீங்களே அடுக்கினீர்களா? யாராவது எதையாவது கொடுத்தார்களா?" 1986 ஏப்ரல் 17, லண்டன் ஹீத்ரோ. கர்ப்பிணியான ஓர் அயர்லாந்துப் பெண் இஸ்ரேல் விமானத்துக்கு வந்தாள். கல்யாணம் செய்வதாகச் சொன்ன காதலன் கொடுத்த பை அவள் கையில். பாதுகாவலர்கள் கேள்வி மேல் கேள்வி கேட்டு, சந்தேகப்பட்டுப் பையைப் பிரித்தபோது, அடியில் வெடிமருந்து. அவளுக்கு ஒன்றுமே தெரியாது. தன்னோடும் வயிற்றுப் பிள்ளையோடும் சேர்த்து, நூற்றுக்கணக்கானவர்களைக் கொல்லத்தான் அந்தப் பை என்று அங்கேதான் தெரிந்துகொண்டாள்.

தம்பி தங்கைகளே, இந்தக் கேள்வி நமக்கு மிக முக்கியம். பெரம்பலூரில் யாராவது வெளிநாடு கிளம்பினால், முதல் நாள் மாலையே வாசலில் பார்சல்கள் வந்துவிடும். "எம் மவன் அங்கதான் இருக்கான், இந்தப் பொட்டலத்தை மட்டும் குடுத்துடுப்பா." மறுக்க முடியாது. நான் முதல் முறை போனபோது பக்கத்து வீட்டு அத்தை மசாலாப் பொட்டலம் தந்தார். கிளம்பும் முன் அம்மா பிரித்துப் பார்த்தாள். உள்ளே கால் கிலோ கசகசா. நம் ஊரில் குருமாவுக்குப் போடுவது. அமீரகத்தில் அது தடை செய்யப்பட்ட பொருள், ஜெயிலுக்கே வழி. அத்தைக்கு அது தெரியாது, எனக்கும் தெரியாது. என் பெட்டியில் இருந்தால் அது என்னுடையது, அவ்வளவுதான். கசகசா அன்று எங்கள் வீட்டுக் குருமாவில் போய்ச் சேர்ந்தது. அத்தையிடம் விஷயத்தைச் சொல்லச் சங்கடப்பட்டு, அம்மா அதற்கு ஈடாக முறுக்கு சுட்டுக் கொடுத்தனுப்பினாள்.

தேங்காயும் அப்படித்தான். சிறுவாச்சூர் மதுரகாளியம்மனுக்கு உடைத்த மூடியைப் பிரசாதமென்று பெட்டியில் வைப்பார்கள். காய்ந்த தேங்காய், அதாவது கொப்பரை, தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய சரக்கு என்று சர்வதேசப் பட்டியலில் இருக்கிறது. எக்ஸ்ரே திரையில் உயிர்ப்பொருள் எல்லாம் ஆரஞ்சு நிறம். அடர்த்தியான அல்வாவும் வெடிமருந்தும் அண்ணன் தம்பி போல இருக்கும். பார்ப்பவர் நிறுத்தத்தான் செய்வார். ஆனாலும் அதிகாரிகளுக்கு மனசு இல்லாமல் இல்லை. 2022-ல் சபரிமலை சீசனுக்கு மட்டும், சோதனைக்குப் பிறகு இருமுடித் தேங்காயைக் கைப்பையில் கொண்டுபோக அனுமதித்தார்கள்.

அந்த அரியலூர்க்காரருக்கு மறுநாள் இரவு விமானத்தில் இடம் கிடைத்தது. நீலப் பெட்டியை மறுபடி சோதித்து, புதுச் சீட்டு ஒட்டி அனுப்பினோம். இந்தத் தடவை அவர் ஏறிவிட்டார் என்று மேலிருந்து செய்தி வந்த பிறகுதான் பெல்ட்டை ஓடவிட்டேன். அதற்குள் அங்கே காரியம் முடிந்திருந்தது.