பிழைப்பாரா என்ற கேள்வியின் வரலாறு

கவலைக்கிடமான நிலையில் உள்ள நோயாளி பிழைப்பாரா என்று கணிப்பது மருத்துவத்தின் மிகப் பழைய கடமைகளுள் ஒன்றாகும். மருந்துகள் குறைவாக இருந்த காலத்தில் நோயின் போக்கை முன்கூட்டிச் சொல்வதே மருத்துவரின் திறமைக்கு அளவுகோலாக விளங்கியது. சித்த மருத்துவ மரபும் நோய்களைச் சாத்தியம், அசாத்தியம், அதாவது தீரக்கூடியவை, தீராதவை எனப் பகுத்தது. ஹிப்போகிரட்டீஸின் பெயரால் வழங்கும் பழங்கிரேக்க நூலொன்று, கூர்த்த மூக்கு, குழிந்த கண்கள், ஒடுங்கிய நெற்றிப்பொட்டு, குளிர்ந்த காதுகள் ஆகியவற்றைச் சாவின் அறிகுறிகளாக விவரித்தது. எனினும் அம்முகத்தைக் கண்டவுடன் தீர்ப்புக் கூறாமல், நோயாளி உறங்காதிருந்தாரா, வயிற்றுப்போக்கால் வாடினாரா, பட்டினி கிடந்தாரா என்று விசாரிக்க வேண்டும் என்றும், அவற்றால் வாடிய முகம் ஒரு பகலும் இரவும் கழிந்தால் தெளியும் என்றும் அதே நூல் அறிவுறுத்தியது.

1952இல் கோபன்ஹேகனில் இளம்பிள்ளை வாதம் பரவியபோது, மயக்கவியல் மருத்துவர் பியோர்ன் இப்சன், சுவாசத் தசைகள் செயலிழந்தவர்களின் தொண்டையில் துளையிட்டுக் குழாய் பொருத்தி, ரப்பர் பையைக் கையால் அழுத்திக் காற்று செலுத்தும் முறையைக் கொண்டுவந்தார். சுமார் 1,500 மாணவர்கள் முறைவைத்து இரவும் பகலும் பையை அழுத்தினர். அடுத்த ஆண்டிலேயே அந்நகரில் தீவிர சிகிச்சைப் பிரிவு தோன்றியது. இறப்பது உறுதி எனக் கருதப்பட்டவர்கள் பிழைக்கத் தொடங்கியதால் பழைய கணிப்புகள் பொருந்தாமற்போயின.

1974இல் கிளாஸ்கோ நகர நரம்பியல் அறுவை மருத்துவர்களான கிரஹாம் டீஸ்டேலும் பிரையன் ஜெனட்டும் சுயநினைவின் அளவை எண்ணாக்க வழிவகுத்தனர். நோயாளி தாமாகவே கண் திறந்தால் 4, கூப்பிட்டால் திறந்தால் 3, வலி உண்டாக்கினால் மட்டும் திறந்தால் 2, திறக்கவே இல்லையென்றால் 1 எனக் கணக்கிட்டு, பேச்சுக்கும் கைகால் அசைவுக்கும் இவ்வாறே மதிப்பெண் இட்டுக் கூட்டும் இம்முறையில், பின்னர் திருத்தப்பட்ட வடிவின்படி, மொத்தம் 3 முதல் 15 வரை அமையும்.

உடல் முழுவதற்குமான மதிப்பெண்ணை அமெரிக்க மருத்துவர் வில்லியம் நாஸும் அவருடைய குழுவினரும் 1981இல் அபாச்சி என்ற பெயரில் வெளியிட்டனர். 1985இல் எளிமையாக்கப்பட்ட அதன் இரண்டாம் வடிவம், முதல் 24 மணி நேரத்தில் உடல் வெப்பம், ரத்த அழுத்தம், சுவாச வேகம், சோடியம், கிரியேட்டினின் உள்ளிட்ட 12 அளவுகள் எட்டிய மிக மோசமான நிலையை எடுத்துக்கொண்டு, வயதையும் நாட்பட்ட நோய்களையும் சேர்த்து 0 முதல் 71 வரை மதிப்பிட்டது.

இம்மதிப்பெண்ணின் பெரும்பயன் 1986இல் வெளிப்பட்டது. நாஸ் குழுவினர் 13 மருத்துவமனைகளின் 5,030 நோயாளிகளை ஆராய்ந்து, நோயின் கடுமையைக் கணக்கில் கொண்ட பிறகும் இறப்பில் வேறுபாடு இருப்பதைக் கண்டனர். மருத்துவர்களும் செவிலியர்களும் ஒருங்கிணைந்து பணியாற்றிய விதத்தோடு அவ்வேறுபாடு தொடர்புடையது என்றும் அவர்கள் முடிவுகண்டனர். நோயாளியை அளக்க உருவான கருவி, இவ்வாறு, சிகிச்சைப் பிரிவையே அளக்கும் கருவியாயிற்று.

தனி ஒருவரின் விதியைச் சொல்லும் ஆற்றலோ அதற்கு இல்லை. இறப்புக்கான வாய்ப்பு 40 விழுக்காடு என்றால், அதே நிலையிலுள்ள 100 பேரில் ஏறத்தாழ 40 பேர் இறக்கக்கூடும் என்பதே பொருள். அந்த 40 பேர் யார் என்பதை எண் காட்டுவதில்லை. ஆகவே அதை மட்டும் நம்பி ஒருவருக்கான சிகிச்சையைக் கைவிடுவது அறமாகாது. 1990களில் உருவான சோஃபா என்னும் மதிப்பெண், நுரையீரல், ரத்த உறைவு, கல்லீரல், இதய ரத்த ஓட்டம், மூளை, சிறுநீரகம் ஆகிய ஆறின் நிலையை நாள்தோறும் திரும்ப அளந்து, உடல் சிகிச்சையை ஏற்கிறதா என்று பார்க்க உதவுகிறது. ஒரு பகலும் இரவும் பொறுத்துப் பார்க்கச் சொன்ன பழைய கிரேக்க அறிவுரை இம்முறையில் இன்றும் பின்பற்றப்படுகிறது.