நினைவும் நூற்பயிற்சியும்: ஒரு வரலாற்று நோக்கு

கல்லூரியில் அடியெடுத்து வைக்கும் மாணாக்கர் பலரை முதலில் வருத்துவது பாடத்தின் கடுமையன்று. படித்தது நினைவில் நில்லாமையே ஆகும். இதற்குக் காரணம் கூறுவோர் இரு சாரார். மனப்பாடம் செய்வித்துக் கெடுத்தோம் என்பார் ஒரு சாரார். மனப்பாடத்தைக் கைவிட்டுக் கெட்டோம் என்பார் மற்றொரு சாரார். இவ்விரு கூற்றும் நம் கல்வி வரலாற்றின் ஒரு பாதியை மட்டுமே கண்டவை என்பது என் கருத்து. அக்கருத்தை எனக்கு உண்டாக்கியவள் ஒரு மாணவி.

என்னிடம் தமிழிலக்கியம் பயின்றவள் அவள். செய்யுளைப் பிழையறச் சொல்லுவாள்; பொழிப்புரையையும் அப்படியே எழுதுவாள். பள்ளித் தேர்வில் உயர்ந்த மதிப்பெண் பெற்று மேற்படிப்புக்குச் சென்றாள். முதல் பருவம் முடிந்ததும் என்னைக் காண வந்தாள். “எல்லாவற்றையும் ஐந்து முறை படித்தேன், ஐயா. வினாத்தாளைக் கண்டவுடன் ஒன்றும் வரவில்லை” என்றாள். அவள் கண்ணீரைக் காட்டிலும் அந்த ‘ஐந்து முறை’ என்னும் சொல்லே என்னைச் சுட்டது. திரும்பத் திரும்பப் படி என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நானல்லனோ! என் வகுப்பறையில் “படித்தாயா?” என்று எத்துணையோ முறை கேட்டிருக்கிறேன்; “நூலை மூடிவிட்டு உன் சொல்லால் சொல்” என்று கேட்ட நாள் மிகச் சிலவே. எங்கே வழி தவறினோம் என்று பின்னோக்கிப் பார்க்கத் தொடங்கினேன்.

ஏடு அரிதாயிருந்த காலம்

பனையோலையில் எழுதிய நூலைப் பெறுதல் அரிது. பெற்றாலும் அதனைப் படியெடுத்தல் நெடிய உழைப்பு. ஆகவே நம் முன்னோர் நெஞ்சத்தையே நூலகமாக்கினர். திண்ணைப் பள்ளிச் சிறுவன் மணலில் எழுத்தைப் பழகினான். எண்சுவடியை வாய்விட்டுச் சொன்னான். அதில் முழு எண்களின் பெருக்கல் மட்டுமன்றி, முந்திரி என்னும் 320இல் ஒரு பங்கு, காணி என்னும் 80இல் ஒரு பங்கு, மா என்னும் 20இல் ஒரு பங்கு ஆகிய கீழ்வாய் இலக்கங்களும் அடங்கும். சிராங்கூன் சாலை மளிகைக் கடையொன்றில் முதிய கணக்கப்பிள்ளை ஒருவர், தாளும் எழுதுகோலுமின்றி உதடசைவிலேயே கணக்கை முடித்ததை இளமையில் வியந்து பார்த்திருக்கிறேன். அவ்வுதடுகளில் அசைந்தது எண்சுவடியே.

நினைவுக்குத் துணையாக நூலின் அமைப்பையே வகுத்தனர் புலவர். ஒரு பாட்டின் இறுதி அடுத்த பாட்டின் தொடக்கமாக வருவது அந்தாதி. ஒன்றைச் சொன்னால் அதுவே மற்றதை இழுத்து வரும். மண்டல புருடர் இயற்றிய சூடாமணி நிகண்டு, பன்னிரு தொகுதிகளாகச் சொற்பொருளை விருத்தப்பாவில் அமைத்தது. ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைக் கூறும் தொகுதியை எதுகை வரிசையில் நிரல்படுத்தியது. பாடுதற்கு எளிது, நினைவிலிருந்து எடுத்தற்கும் எளிது.

நினைவாற்றலின் கொடுமுடியாகக் கருதப்பட்டது அவதானக் கலை. சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் 1907ஆம் ஆண்டு சென்னை விக்டோரியா மண்டபத்தில் நூறு செயல்களை ஒருங்கே கவனித்து விடையிறுத்துச் சதாவதானம் நிகழ்த்தினார். ‘அவதானம்’ என்னும் சொல்லுக்குப் பொருள் நினைவு அன்று, கவனம் என்பதாம். கவனித்ததே நினைவில் நிற்கும் என்னும் உண்மை அக்கலையின் பெயரிலேயே பொதிந்திருத்தல் காண்க.

நன்னூலார் காட்டிய வழி

மனப்பாடமே நம் மரபின் முழுமை என்று கருதுவோர் பவணந்தி முனிவரின் நன்னூலைப் புரட்டிப் பார்த்தல் வேண்டும். பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த அவ்விலக்கணத்தின் பொதுப்பாயிரம், மாணாக்கன் நூல் பயிலும் இயல்பைப் படிப்படியாகக் கூறுகிறது. உலக வழக்கையும் நூல் வழக்கையும் அறிதல், பாடத்தை மறவாது காத்தல், கேட்டவற்றை மீள எண்ணிப் பார்த்தல், ஆசிரியரை அடைந்து மீண்டும் கேட்டுத் தெளிதல், ஒத்த மாணாக்கரோடு பழகுதல், அவர்களை வினவுதல், அவர்கள் வினவியவற்றுக்கு விடையளித்தல் என ஏழு செயல்கள் அங்கே சொல்லப்படுகின்றன. பாடத்தை மனத்தில் காப்பது இவற்றுள் ஒன்று மட்டுமே.

இன்னும் நுட்பமான ஒரு கணக்கையும் நன்னூலார் தருகின்றார். ஆசிரியர் கூறியதை நன்கு உள்வாங்கினாலும் மாணாக்கனுக்குக் கிட்டும் புலமை கால் பங்கே. உடன் பயில்வாரோடு பழகுதலால் மற்றொரு கால் பங்கு. எஞ்சிய அரைப் பங்கு, தான் கற்றதைப் பிறருக்குச் செவ்வையாக எடுத்துரைப்பதனால் வருவது. நாமோ ஆசிரியர் கூறுவதைக் கேட்டலாகிய கால் பங்கைப் பற்றிக்கொண்டு முக்கால் பங்கை நழுவ விட்டோம்.

பிறருக்கு உரைத்துக் கற்கும் வழி ஏட்டளவில் நின்றதன்று. 1789இல் சென்னை எழும்பூரில் அனாதைச் சிறுவர் பள்ளியின் பொறுப்பேற்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஆண்ட்ரு பெல், நம் நாட்டுப் பள்ளிச் சிறுவர் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டார். அவ்வழியைத் தம் பள்ளியில் புகுத்தி, மூத்த மாணவர் இளையோர்க்குக் கற்பிக்கும் முறையையும் வளர்த்தார். 1797இல் இலண்டனில் அதுபற்றி நூல் வெளியிட்டார். அம்முறை ‘சென்னை முறை’ என்னும் பெயரோடே இங்கிலாந்தில் பரவிற்று.

குடந்தையில் ஒரு வினா

மனப்பாடத்தின் வலிமையையும் எல்லையையும் ஒருசேரக் காட்டும் நிகழ்ச்சி ஒன்று 1880ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் கும்பகோணத்தில் நிகழ்ந்தது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்ற உ. வே. சாமிநாதையர், அப்போது கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர். அவ்வூருக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் காணச் சென்றார். முதலியார் அவர் கற்ற நூல்களை வினவினார். அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், புராணம் என்று ஐயர் அடுக்கிக்கொண்டே போனார். முதலியார் முகத்தில் வியப்பு எழவில்லை. சீவக சிந்தாமணி போன்ற பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று கேட்டார். படித்ததில்லை என்பதே ஐயரின் விடை.

பெருங்கடல் போன்ற பாடங்களை நெஞ்சில் தேக்கியிருந்த ஒருவரை ஒரே வினா புதிய மாணாக்கராக்கிவிட்டது. முதலியார் தந்த படியைப் பெற்றார் ஐயர். அவருக்கே சிந்தாமணியைப் பாடம் சொல்லவும் இசைந்தார். கற்பித்தற்பொருட்டுக் கற்றார். சமணக் கருத்துகள் விளங்காத இடங்களில் அவ்வூர்ச் சமணரை அடைந்து கேட்டார். பல ஏடுகளை ஒப்புநோக்கினார். நச்சினார்க்கினியர் உரையில் நூற்பெயர் சுட்டாமல் வந்த மேற்கோள்களின் மூலத்தைத் தேடினார். ஏழாண்டு உழைப்பின் பயனாக 1887இல் சிந்தாமணி அச்சேறியது. முன்பு மனப்பாடம் செய்தவை வீணாயினவோ? இல்லை. மொழியின் ஓசையும் சொல்லாட்சியும் நெஞ்சில் ஊறியிருந்தமையாலன்றோ அத்தேடல் கைகூடியது! வினா தூண்டியது, நினைவு துணை நின்றது.

மேலை நாட்டார் கண்ட முடிவு

ஜெர்மானிய உளவியலறிஞர் ஹெர்மன் எபிங்காஸ் பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எத்துணை விரைவில் மறக்கின்றார் என்று அளந்தார். கற்றவுடனே மறதி மிக விரைந்தும் பின்னர் மெல்லவும் நிகழ்கிறது என்பதை 1885இல் வெளியிட்டார். அமெரிக்கக் கல்லூரி மாணவர்க்கென்று ஃபிரான்சிஸ் ராபின்சன் 1946இல் ஒரு நூல் எழுதினார். இயலை முதலில் மேலோட்டமாக நோக்குதல், தலைப்புகளை வினாவாக்குதல், விடை தேடிப் படித்தல், நூலை மூடிச் சொல்லிப் பார்த்தல், பின்னொரு நாள் மீளப் பார்த்தல் என்னும் ஐந்து படிகளை அதில் வகுத்தார்.

2006ஆம் ஆண்டு ரோடிகர், கார்ப்பிக் என்னும் ஆய்வாளர் இருவர் வெளியிட்ட ஆய்வு நம் நெஞ்சில் தைக்கத்தக்கது. ஒரு பகுதியை மீண்டும் மீண்டும் படித்த மாணவர், ஐந்து மணித்துளி கழித்து வைத்த தேர்வில் முந்தினர். ஆனால் ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில், படித்ததைப் பாராமல் எழுதிப் பார்த்தோரே பெரிதும் முந்தினர். மீண்டும் மீண்டும் படித்தோர்க்கோ, தமக்கு நன்கு நினைவிருக்கும் என்னும் நம்பிக்கை மட்டும் மிகுந்திருந்தது. என் மாணவியின் ‘ஐந்து முறை’ இதுவன்றோ! கேட்டவற்றை மீள எண்ணிப் பார்க்கச் சொன்ன நன்னூலாரின் வழியே ஆய்வுக்கூடத்தில் மெய்ப்பிக்கப்பட்டது.

சிங்கப்பூரில் நூலும் நூலகமும்

நம் தீவில் தமிழ் மாணவர் நூலுக்கு ஏங்கிய காலம் நெடிது. 1834இல் தொடங்கிய சிங்கப்பூர் இலவசப் பள்ளியில் தமிழ் வகுப்பு இருந்தும் அது நெடுநாள் நிலைக்கவில்லை. 1887இல் தோன்றிய ‘சிங்கை நேச’னும், 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய ‘தமிழ் முர’சும் படிக்கும் வழக்கத்தை வளர்த்தன. 1956இல் இங்கிருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை அமைந்தபோது, ‘தமிழ் எங்கள் உயிர்’ என்னும் முழக்கத்தோடு சாரங்கபாணி நிதி திரட்டினார். தம் பிள்ளைகள் பல்கலைக்கழகத்தில் தமிழ் பயில வேண்டும் என்று எளிய மக்களும் ஈந்தனர்.

1953இல் வள்ளல் லீ கொங் சியான் 375,000 வெள்ளி வழங்க முன்வந்தார். நூலகம் பொதுமக்களுக்குக் கட்டணமின்றித் திறந்திருத்தல் வேண்டும், ஆசிய மொழிகளையும் போற்றுதல் வேண்டும் என்பன அவர் விதித்தவை. அதன் பயனாக 1960 நவம்பரில் ஸ்டாம்ஃபர்ட் சாலையில் செங்கல் நிறத் தேசிய நூலகம் எழுந்தது. அக்கட்டடம் 2004இல் மூடப்பட்டு, 2005 முதல் விக்டோரியா ஸ்திரீட்டில் புதிய நூலகம் இயங்குகிறது.

இதற்கிடையே பயிற்றுமொழி மாறிற்று. 1946இல் தோன்றி உயர்நிலை வரை வளர்ந்த உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளி 1982இல் மூடப்பட்டது. 1987 முதல் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே முதன்மைப் பயிற்றுமொழி. ஏடில்லாக் காலத்து மாணவனுக்கு நூல் இல்லை, நெஞ்சு நிறைந்திருந்தது. இக்காலத்து மாணவனுக்கு நூல் நிறைந்திருக்கிறது. தமிழ் நூலைத் திறக்கும் பொழுதுதான் சுருங்கிவிட்டது. அச்சிறு பொழுதையும் வெறும் மறுவாசிப்பில் செலவிடச் சொல்லுதல் தகுமோ?

நாம் செய்யத்தக்கவை

ஆசிரியப் பெருமக்களே! பாடத் தொடக்கத்தில் மாணவரே வினா எழுப்பட்டும். பாடம் முடியும்போது ஐந்து மணித்துளி நூலை மூடி, நினைவில் நிற்பதை எழுதட்டும். மறுநாளும் மறுவாரமும் அதையே வினவுங்கள். வாரம் ஒருமுறை ஒரு மாணவர் எழுந்து மற்றவர்க்குக் கற்பிக்கட்டும். நல்ல செய்யுள்களை மனப்பாடம் செய்விப்பதை நிறுத்த வேண்டா, பொருளுணர்ந்து செய்விப்போம்.

என் மாணவிக்கும் இவ்வழியையே கூறினேன். தோழியர் இருவருடன் நூலகத்தில் அமர்ந்து, ஒருத்தி கற்பிக்க மற்றவர் வினவும் முறையை மேற்கொண்டாள். அடுத்த பருவத்தில் முதன்மை பெற்றாளில்லை, தேர்ச்சி பெற்றாள். ஆயினும் பின்னர் என்னைக் கண்டபோது மதிப்பெண்ணைப் பற்றி அவள் பேசவில்லை. தான் படித்த ஒரு காப்பியத்தைப் பற்றி, நூலைக் கையில் எடுக்காமலேயே, அரைமணி நேரம் எனக்குப் பாடம் சொன்னாள். நன்னூலார் கூறிய அரைப் பங்கு அவளுக்கு வாய்த்துவிட்டது. கேட்டுக்கொண்டிருந்த எனக்கும் ஒரு பங்கு கிடைத்தது.