கழுத்துக்குள் ஒரு கம்பி

கிட்டார் கத்துக்கணும் என்று ஆசையாக வாங்கி, மூன்றே மாதத்தில் கைவிட்டவர்கள் நம்மிடையே நிறைய. கேட்டால் "விரல் வலிக்குது, நமக்கு வராது" என்பார்கள். சுங்கை வேயில் நண்பர்கள் வீடுகளில் அலமாரி மேல் தூசி படிந்து கிடக்கும் கிட்டார்களை இறக்கிப் பார்த்திருக்கிறேன். பலவற்றில் கழுத்து வளைந்து, தந்தி எழும்பி நிற்கும். அதை அழுத்த யாருக்கும் விரல் வலிக்கத்தான் செய்யும். தனக்குத் திறமை இல்லை என்று ஒருவர் முடிவு கட்டிவிடுகிறார். உண்மையில் அசைந்தது மரம்.

இது பழைய சிக்கல். ஆட்டுக் குடல் நரம்பைத் தந்தியாகக் கட்டிய காலத்தில் கழுத்துக்கு அவ்வளவு பாரம் இல்லை. எஃகுத் தந்தி வந்ததும் நிலைமை மாறியது. இன்றைய சாதாரண அக்கூஸ்டிக் கிட்டாரின் ஆறு தந்திகளும் சேர்ந்து சுமார் 70 கிலோ விசையோடு கழுத்தை இழுக்கின்றன. இரவு பகலாக, வருஷக்கணக்கில். முதலில் கண்ட தீர்வு, கழுத்தைத் தடியாகச் செய்வது. அப்புறம் அதைப் பிடித்து வாசிக்கக் கை வலித்தது!

அமெரிக்காவின் கலமசூ நகரில் இருந்த கிப்சன் நிறுவனத்தில் தாடியஸ் மெக்ஹியூ என்பவர் வேறு மாதிரி யோசித்தார். கழுத்துக்குள்ளே நீளவாக்கில் ஓர் எஃகுக் கம்பி, அதன் முனையில் ஒரு நட்டு. நட்டை முறுக்கினால் கம்பி தந்திகளுக்கு எதிராக இழுக்கும், தளர்த்தினால் விட்டுக்கொடுக்கும். 1921-இல் விண்ணப்பித்து, 1923-இல் காப்புரிமை பெற்றார். அதுதான் ட்ரஸ் ராட். கழுத்து மெலிந்தது.

எல்லாரும் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. மேப்பிள் மரமே போதும், கம்பி எதற்கு என்று லியோ ஃபெண்டர் நினைத்தார். 1950-இல் வந்த முதல் எஸ்குவயர் கிட்டார்கள் சிலவற்றின் கழுத்து வளைந்துபோனது. அதே வருஷக் கடைசியில் கம்பியைச் சேர்த்துவிட்டார். மார்ட்டின் நிறுவனம் முறுக்கிச் சரிசெய்யும் கம்பிக்கு மாறியது 1985-இல்தான்.

நம் வீணைக்காரர்கள் இதே மரத்தை வேறு வழியில் சமாளித்தார்கள். தஞ்சாவூர் வீணையின் 24 மெட்டுகள் மரத்தில் அடித்து இறக்கப்பட்டவை அல்ல. கரி கலந்த மெழுகின்மேல் உட்கார்ந்திருக்கின்றன. வெயிலில் மெழுகு இளகும், மெட்டு நகரும், சுருதி பிசகும். அப்போது மெழுகை இளக்கி, காதால் கேட்டுக் கேட்டு ஒவ்வொரு மெட்டாக மீண்டும் பதிப்பார்கள். இதற்கு 'மேளம் கட்டுதல்' என்று பெயர். வாத்தியம் மாறும் என்பதை முன்கூட்டியே ஏற்றுக்கொண்ட வடிவமைப்பு இது. ஆனால், அதைச் செய்யத் தெரிந்த கை வேண்டும். பிரிக்ஃபீல்ட்ஸில் வீணை கற்கும் ஒருவர் அந்தக் கையைத் தேடித்தான் போகணும்.

இரண்டு மரபும் ஒரு கட்டத்தில் சந்தித்தன. எஸ். ராமநாதனிடம் வீணை கற்ற ஜான் மெக்லாஃப்லின், 1970-களில் 'சக்தி' குழுவில் வாசித்த கிட்டாரில் மெட்டுகளுக்கு இடையே மரம் குடைந்து பள்ளமாக்கப்பட்டிருந்தது. தந்தியை வளைத்துக் கமகம் பிடிக்கத்தான் அந்த ஏற்பாடு.

கழுத்து நூல் பிடித்தாற்போல் நேராக இருக்கணும் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியில்லை. தந்தி அதிரும்போது நடுவில்தான் அகலமாக ஆடும். அதற்குக் கொஞ்சம் இடம் விடணும். முதல் மெட்டிலும், கழுத்து உடலோடு சேரும் மெட்டிலும் தந்தியை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஏழாவது மெட்டைப் பாருங்கள். கால் மில்லிமீட்டர் இடைவெளி போதும். அதிகமென்றால் நட்டை வலப்பக்கம் கால் சுற்று, அதற்கு மேல் வேண்டாம். தந்தியைத் திரும்பச் சுருதி கூட்டிவிட்டுப் பாருங்கள். இறுகிப்போயிருந்தால் பலவந்தம் பண்ணாமல் கடைக்குக் கொண்டுபோங்கள். கம்பியால் எல்லாம் சரியாகாது. பாலம் உயர்ந்திருந்தால் அது தனி வேலை.

வெளியே மழை, உள்ளே ஏர்கோன் என்று வாழும் நம் ஊரில் மரம் ஈரத்தை வாங்கும், விடும். மெக்ஹியூ அந்த அசைவை நிறுத்தவில்லை. பின்னாலேயே போய்த் திருத்தும் வசதியைச் சாதாரண வாசிப்பவர் கையில் கொடுத்தார். அதற்குத் தேவை ஒரு ஆலன் கீ, கொஞ்சம் பொறுமை. கிட்டாரை விற்பதற்கு முன்னால் அதையாவது செய்து பார்க்கலாம்.