கூலி என்னுஞ் சொல்லின் வரலாறு

தமிழிலிருந்து உலக மொழிகளுக்குச் சென்ற சொற்கள் எவை என வினவப்படின், கட்டுமரம், மிளகுதண்ணீர், சுருட்டு என்பவற்றைப் பெருமிதத்தோடு எடுத்துக் கூறுவது நம்மவர் வழக்கம். இப்பட்டியலிலே 'கூலி' என்னுஞ் சொல் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. ஆயின் மேற்கூறிய மூன்றினும் பார்க்க அதிக தூரம் பயணஞ் செய்ததும், அதிக மனிதரின் தலையெழுத்தோடு பிணைந்து நின்றதும் இவ்விரண்டெழுத்துச் சொல்லேயாகும். ஹந்தானை மலைச்சரிவின் தேயிலைப் பச்சையை நாள்தோறும் காணும் பேராதனை மாணவருக்கு இச்சொல்லின் வரலாறு வெறும் அகராதி ஆராய்ச்சியாக மாத்திரம் அமைய முடியாது.

தமிழிலே கூலி என்பது உழைப்புக்கு ஈடாகப் பெறுவதைக் குறிக்கும். ஊழ் கைவிட்டபோதும் உடல் வருந்திய முயற்சி தனக்குரியதைத் தந்தே தீரும் என்று ஆள்வினையுடைமை அதிகாரத்திற் கூறவந்த வள்ளுவர், அங்ஙனம் கிடைக்கும் பயனைக் குறிக்க இச்சொல்லையே ஆள்கின்றார். அங்கு இழிவுக் குறிப்பு எதுவுமில்லை. மாறாக, உழைத்தவன் உரிமையோடு பெறுவது என்ற தொனியே உண்டு. தையற்கூலி, அரவைக்கூலி, ஏற்றுகூலி, வண்டிக்கூலி, பொற்கொல்லரின் செய்கூலி என இன்றும் வழங்குவன யாவும் இப்பொருளினவே. கூலம் என்பது தானியம். மணிமேகலை ஆசிரியரான சாத்தனாரைக் கூலவாணிகன் என்பதும் அதுபற்றியே. பண்டு ஊதியம் தானியமாகவே அளக்கப்பட்டமையின் கூலத்தினின்றே கூலி பிறந்தது என்பாருமுளர். கவர்ச்சியான விளக்கமே, எனினும் ஒலியொப்புமையையும் பொருத்தத்தையும் மாத்திரங் கொண்டு முடிந்த முடிபாக அதனை ஏற்றல் கூடாது. மலையாளம், கன்னடம், தெலுங்கு ஆகியவற்றிலும் இச்சொல் ஊதியப் பொருளிலே வழங்குவதால், அது திராவிட மொழிகளுக்குப் பொதுவான பழஞ்சொல் என்பது தெளிவு.

சிங்கள மொழியில் இச்சொல்லின் ஊகாரம் குறுகிற்று, பொருளோ குறுகவில்லை. கண்டி வீதிகளிலும் நமது வளாகத்தைச் சூழவுள்ள ஊர்களிலும் வீட்டு வாயில்களில் 'குலியட' என்று எழுதப்பட்ட பலகைகளைக் காணலாம். 'வாடகைக்கு' என்பதே அதன் பொருள். அறை தேடி அலையும் மாணவர் பலர் முதன்முதற் கற்கும் சிங்களச் சொற்களுள் இதுவும் ஒன்று. ஒரு பொருளையோ உழைப்பையோ பயன்படுத்துவதற்குக் கொடுக்கும் விலை என்ற பழைய கருத்தினை அயல்மொழி இவ்வாறு பேணிவைத்திருப்பது கவனிக்கத்தக்கது.

இனி, ஐரோப்பியர் வாயில் இச்சொல் எங்ஙனம் மாறிற்று என்பதை நோக்குவோம். 1886 இல் வெளிவந்த 'ஹொப்சன்-ஜொப்சன்' என்னும் புகழ்பெற்ற சொற்றொகுதியை ஆக்கியோர் ஹென்றி யூலும் ஏ. சி. பேர்ணலும் ஆவர். அவர்கள் இச்சொல்லின் மூலத்தை மேற்கிந்தியாவின் 'கோலி' என்னும் குலத்தாரின் பெயரிலே காண முற்பட்டனர். ஆயினும் தமிழ்க் 'கூலி'யே உண்மையான மூலம் என வில்சன் கொண்டதையும் அவர்களே குறிப்பிட்டனர். அடிமையைக் குறிக்கும் துருக்கிச் சொற்களையும் அங்கு ஒப்புநோக்கினர். துருக்கிச் சொற்களை இங்கு இழுப்பது, என் கருத்தின்படி, ஒலியொற்றுமையால் வந்த மயக்கமே. குஜராத்துக் கரையிலே குலப்பெயராகக் கேட்ட ஒரு சொல்லும், சோழமண்டலக் கரையிலே ஊதியப் பெயராகக் கேட்ட ஒரு சொல்லும் போர்த்துக்கேயர், ஆங்கிலேயர் முதலிய கடலோடிகளின் நாவில் ஒன்றாகிவிட்டன என்று கொள்வதே பொருத்தமாகத் தோன்றுகின்றது. இரு கரைகளிலும் அவர்களுக்கு வேண்டியிருந்தது சுமை தூக்கும் ஆளே.

இவ்விடத்தில் நிகழ்ந்த பொருள் மாற்றமே நமது வரலாற்றின் அச்சாணி. தமிழிலே கூலி வேறு, கூலியாள் வேறு. ஐரோப்பியர் 'ஆள்' என்பதை இங்கேயே விட்டுக் 'கூலி'யை மாத்திரம் கப்பலேற்றினர். பின்னர் அக்கூலியையே ஆளாக்கினர். ஒரு மனிதன் பெறவேண்டியதன் பெயர் அம்மனிதனின் பெயராயிற்று.

பிரித்தானியப் பேரரசில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டதன் பின் இப்புதிய பெயருக்குப் பெருந்தேவை ஏற்பட்டது. 1834 இல் மொறீசியசுக்கும், 1838 இல் பிரித்தானியக் கயானாவுக்கும், 1860 இல் நேட்டாலுக்கும், 1879 இல் பிஜிக்கும் ஒப்பந்தத் தொழிலாளர் கொண்டுசெல்லப்பட்டனர். சீனரும் இதே பெயரில் கியூபாவுக்கும் பெருவுக்கும் ஏற்றப்பட்டனர். ஐக்கிய அமெரிக்கா 1862 இல் இயற்றிய சட்டமொன்று 'கூலி வணிகம்' என்பதனையே பெயர் சுட்டித் தடைசெய்தது; ஒல்லாந்தரோ 1880 இல் சுமத்திராத் தோட்டங்களுக்கெனக் 'கூலிக் கட்டளைச் சட்டம்' ஒன்றைப் பிறப்பித்தனர். மலாய், தாய், வியட்நாமிய மொழிகளும் சுமையாளுக்கு இச்சொல்லையே ஏற்றுக்கொண்டன.

சீன மொழியிற் புகுந்தபோது நிகழ்ந்தது விந்தையானது. 'கு', 'லி' என ஒலிக்கும் இரு எழுத்துக்களால் சீனர் அதனை எழுதினர். முதலாவதன் பொருள் கசப்பு அல்லது துன்பம். இரண்டாவதன் பொருள் வலிமை. கசப்பான வலிமை! ஒலியைப் பெயர்க்கப் புகுந்தவர்கள் ஓர் உரையையே எழுதிவிட்டனர். இப்பொருத்தம் காரணமாகவே சொல் சீனத்திற் பிறந்ததென்று நம்புவோரும் உளர். ஜேர்மன் மொழியிலோ இன்று 'கூலி' என்றால் எழுதுகோல். புகையிரத நிலையத்திற் பயணப்பொதி தள்ளும் வண்டிக்கும் 'பெட்டிக் கூலி' என்று பெயர். ஊதியம் மனிதனாகி, மனிதன் வண்டியான கதை அது.

தென்னாபிரிக்காவில் இச்சொல் தொழிலை விட்டு இனத்தைப் பற்றிக்கொண்டது. 1893 இல் அங்கு சென்ற காந்தி, வணிகரும் படித்தோரும் கூடக் கூலிகள் எனவே அழைக்கப்பட்டமையையும், தாம் 'கூலிப் பாரிஸ்டர்' ஆனமையையும் தம் வரலாற்றிற் குறித்துள்ளார். தமிழ்ப் பெயர்களின் ஈற்றில் வரும் 'சாமி' என்பதும் அங்கு வசைச்சொல்லாயிற்று. சாமி என்றால் எசமான் என்பது பொருள், நான் உமக்கு எசமானல்லேன் என்று சிலர் நயமாகப் பதிலிறுத்தனராம். கூலி என்ற சொல்லுக்கு அவ்வாறு திருப்பியடிக்கும் பதில் எவருக்கும் வாய்த்ததாகத் தெரியவில்லை.

நம் நாட்டுக்கு வருவோம். 1820களில் கம்பளையிலும், மகாவலியின் அக்கரையிலுள்ள கன்னொறுவையிலும் கோப்பி பயிரிடப்பட்டது. அப்பயிர் பெருகப் பெருக, மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரை காடுவழி நடந்த தமிழகத்து மக்கள் இம்மலைகளை நிறைத்தனர். துரைமாரின் ஏடுகளில் அவர்கள் கூலிகள். அவர்கள் வதியும் வரிசை அறைகள் கூலி லயங்கள். அவர்களது மொழியும் தப்பவில்லை. தோட்டம் பயில வந்த இளந்துரைமாருக்காக வெல்ஸ் என்பார் எழுதிய நூலின் பெயரே 'கூலித் தமிழ்'. அதற்கு முற்பட்ட பெர்குசனின் கைந்நூலுக்கு 'இங்கே வா' என்று பெயர். ஏவல் வினையிலேயே தொடங்கும் தமிழ்க் கல்வி! மு. நித்தியானந்தன் மலையக இலக்கியம் பற்றிய தமது ஆய்வுநூலுக்குக் 'கூலித் தமிழ்' (2014) என்னும் அப்பெயரையே தெரிந்து வைத்தமை பொருள் பொதிந்த செயலாகும்.

இவை பழக்க வழக்கத்தின்பாற்பட்டவை எனலாம். சட்டம் அவ்வாறன்று. 1889 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க இந்தியத் தோட்டத் தொழிலாளர் கட்டளைச் சட்டம், தொழிலாளர் என்பதற்கு வரைவிலக்கணம் கூறுமிடத்து, தோட்டப் பதிவேட்டிற் பெயருள்ள தொழிலாளரையும் கங்காணிகளையும் 'பொதுவாக இந்தியக் கூலிகள் எனப்படுவோர்' என அடைப்புக்குறிக்குள் விளக்குகின்றது. துலுக்கர் என்பதனையும் 'துலிக்கன்' எனச் சிதைத்து அதே வரியிற் சேர்த்துள்ளது. தொழிலாளியும், அவனைக் கடனிற் கட்டி மேய்த்த கங்காணியும் ஒரே சொல்லுக்குள் அடக்கப்பட்டமை நோக்குக. இதனினும் பெரிய முரண் ஒன்றுண்டு. அச்சட்டத்தின் முக்கிய நோக்கங்களுள் ஒன்று, நிலுவையில் நின்ற ஊதியத்தை ஒழுங்காகக் கொடுக்கச் செய்வது. கூலி கிடையாதவனுக்குக் கூலி என்றே பெயர்.

சொல்லை மாற்றும் முயற்சி அமைப்பு ரீதியாகத் தோட்டங்களுக்குள் வந்தது கோ. நடேசய்யர் காலத்திலாகும். 1931 இல் அவர் தோற்றுவித்த அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தின் பெயரில் நிற்கும் 'தொழிலாளர்' என்ற சொல் அக்காலத்தில் ஓர் அரசியற் பிரகடனம். கூலி என்பது துரை இட்ட பெயர். தொழிலாளர் என்பது சங்கத்திற் சேர்ந்தவர் தமக்குத் தாமே இட்டுக்கொண்ட பெயர். பிஜித் தீவிலே ஒப்பந்தத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லைக் 'கிர்மிட்' எனத் திரித்துத் தம்மைக் 'கிர்மிட்டியா' என அழைத்துக்கொண்டோர் செய்ததும் ஏறத்தாழ இதுவே. மொறீசியசுக் கவிஞர் கால் தொராபுல்லி 1992 இல் வேறு வழியை மேற்கொண்டார். வசையையே கையிலெடுத்து, 'கூலிமை' எனத் தமிழில் நாம் பெயர்க்கத்தக்க ஒரு கோட்பாட்டுச் சொல்லை ஆக்கினார். இந்தியப் புகையிரதப் பகுதியோ 2016 இல் நிலையச் சுமையாளருக்குச் 'சகாயக்' எனப் பெயர் மாற்றியது. அதனால் சுமையின் எடை குறைந்ததா என்பது வேறு கேள்வி.

நம் நிலை என்ன? அச்சில் 'கூலி' மறைந்து 'தொழிலாளி' வந்தபின்னரும், வடக்கிலும் கிழக்கிலும் படித்த தமிழர் நாவிலேயே 'தோட்டக்காட்டான்', 'கள்ளத்தோணி' என்பன நெடுங்காலம் வழங்கின. 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றோராக்கியபோது அதனை ஆதரித்தோரும் எதிர்த்தோரும் தமிழரிடையே இருந்தனர். ஆயின் இவ்வசைச் சொற்களைப் பொறுத்தமட்டில் அவ்விரு சாராரிடையேயும் அத்துணை வேறுபாடு இருந்ததெனக் கூறுதற்கில்லை. இவற்றை ஆங்கிலேயர் நமக்குக் கற்றுத்தரவில்லை.

சொல்லின் பழைய பொருளும் தீர்ந்துபோகவில்லை. நாளொன்றுக்கு 1000 ரூபா என்ற கோரிக்கை பல ஆண்டு வேலைநிறுத்தங்களுக்கும் பேச்சுக்களுக்கும் பின் 2021 இல் சம்பள நிர்ணய சபையின் ஊடாக வர்த்தமானிக்கு வந்தது. தோட்டக் கம்பனிகள் அதனை எதிர்த்து நீதிமன்றஞ் சென்றன. நாளுக்குப் பறிக்கவேண்டிய கொழுந்தின் நிறை பற்றிய தகராறுகளும் தோட்டந்தோறும் எழுந்தன. அவ்வாதங்களில் எங்கும் 'கூலி' என்ற சொல் வரவில்லை. சம்பளம் என்றே பேசினர்.